இலங்கையில் மறுபடியும் 2022 போல பொருளாதார நெருக்கடி வந்தால் ஒரு சிறிய சபை என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை_செயலாளர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொழும்பு 13 இல் 120 குடும்பங்கள் உள்ள சபை ஒன்றின் செயற்குழுவுக்காகக் கேட்கிறேன். நெருக்கடி வந்த பிறகு ஓடித்திரியாமல், முன்கூட்டியே ஒரு திட்டம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருப்பது 6 இலட்சம் ரூபா, மண்டபம், இரண்டு பெரிய அடுப்பு, சமைக்கத் தெரிந்த ஏழெட்டுப் பேர். சபைக் குடும்பங்களில் பாதிக்கு மேல் நாட்கூலி. சுற்றிவர உள்ள தோட்டங்களில் (நெருக்கமான வரிசைக் குடியிருப்புகளில்) எல்லாச் சமயத்தவரும் இருக்கிறார்கள்.

கேள்விகள்: சமைத்துக் கொடுப்பதா, உலருணவுப் பொதியா, கூப்பனா? வெளிநாட்டுச் சபைகள் பணம் அனுப்பினால் எப்படி எடுப்பது? சாப்பாட்டோடு ஜெபம், சுவிசேஷம் சேர்க்கலாமா? போதகரின் வேலை அந்த நேரத்தில் எப்படி மாறும்? பொதுவான ஆறுதல் வேண்டாம், அளவும் கணக்கும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிடாரம்:

சமையலை மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

முதலில் பணத்தைத் தட்டாக மாற்றிப் பாருங்கள். ஒரு தட்டு 180 ரூபா என்று வைத்தால் 200 தட்டுக்கு 36,000. உங்கள் 6 இலட்சம் தினமும் சமைத்தால் 16 நாளில் முடியும். வாரம் இரண்டு நாள் என்றால் 8 வாரம் போகும். பல இடங்களில் பிழை வந்தது இங்கேதான்: முதல் வாரம் ஏழு நாளும் கொடுத்து, மூன்றாம் வாரம் கதவைப் பூட்டினார்கள். அந்தச் சாப்பாட்டை நம்பி வீட்டில் உலை வைக்காதவர்கள் அன்றைக்குப் பட்டினி. செவ்வாயும் வெள்ளியும் என்று சொன்னால் செவ்வாயும் வெள்ளியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

200 பேருக்கு, பிள்ளைகளும் பெரியவர்களும் கலந்து:

நாட்டரிசி 22 கிலோ. பருப்பு 5 கிலோ. மரக்கறி வெட்டிக் கழித்த பிறகு 12 கிலோ, அதற்குச் சந்தையில் 15 கிலோ வாங்க வேண்டும். சோயா மீட் 3 கிலோ, அல்லது நெத்தலிக் கருவாடு 2 கிலோ. எண்ணெய் ஒன்றரை லீட்டர். மிளகாய்த்தூள் 150 கிராமைத் தாண்ட வேண்டாம், பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள். உப்பைக் கண்மதிப்பில் போடாதீர்கள். பருப்புக்கறி வெந்து நிற்கும்போது லீட்டருக்கு 10 கிராம் என்று அளந்து போட்டால் யார் சமைத்தாலும் ஒரே ருசி வரும்.

22 கிலோவை ஒரே கிடாரத்தில் போட்டால் அடி பிடிக்கும், நடு வேகாது. 60 லீட்டர் கிடாரம் இரண்டில் 11 கிலோ வீதம் போடுங்கள். வீட்டில் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைக்கும் அரிசிக்குப் பெரிய கிடாரத்தில் ஒன்றேமுக்கால் போதும், ஆவி குறைவாகப் போவதால். அடி பிடித்த வாசம் வந்தால் கிண்டவே கூடாது. மேல் சோற்றை அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அடியை விட்டுவிடுங்கள். கிண்டினால் முழுக் கிடாரமும் புகை மணக்கும்.

எரிபொருளுக்கு இரண்டு வழி கட்டாயம். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாவிலிருந்து 4,860க்குப் போனது. அந்த விலை கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. காய்ந்த இறப்பர் விறகு என்றால் 200 தட்டுக்கு 30 கிலோ பிடிக்கும், மழையில் நனைந்தது என்றால் 45 கூடப் போதாது. இப்போதே வாங்கிக் கூரைக்குக் கீழே அடுக்கி வையுங்கள். அடுப்பை மண்டபத்துக்குள் வைக்காதீர்கள், பக்கத்தில் ஒரு மணல் வாளி இருக்கட்டும்.

பழுதாவது பற்றி. 12 மணிக்குப் பரிமாறுவது என்றால் சோறு 11.15க்கு இறங்க வேண்டும், காலை 8க்கு அல்ல. இறக்கியதிலிருந்து தட்டுக்குப் போக 2 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. சூடான சோற்றைப் பார்சலாகக் கட்டி அடுக்கினால் உள்ளே வியர்த்து, கொழும்பு வெக்கையில் பின்னேரத்துக்குள் புளித்துவிடும். ஆட்கள் பாத்திரம் கொண்டுவரட்டும். தாள் செலவும் மிச்சம், குப்பையும் இல்லை. தேங்காய்ப்பால் விட்ட பருப்புச் சீக்கிரம் கெடும். யாராவது வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்று தெரிந்தால் பாலை விட்டுவிட்டு வெங்காயம், செத்தல், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். பச்சைத் தேங்காய்ச் சம்பலை அங்கேயே சாப்பிடுபவர்களுக்கு மட்டும். மின்வெட்டு உள்ள காலத்தில் மிச்சத்தைப் பிரிட்ஜில் வைத்து அடுத்த நாள் சூடாக்கிக் கொடுக்கும் யோசனையே வேண்டாம்.

ஆரம்பிக்க முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கிராம உத்தியோகத்தரையும் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். கேட்டு வந்து நிற்பதை விட நாமாகப் போவது மரியாதை.

மட்டக்குளி_சிஸ்டர்:

கிடாரம் அண்ணா சொன்ன அளவுகள் சரி. ஆனால் சமையல்தான் எப்போதும் முதல் வழி என்று நினைக்க வேண்டாம். வரிசையில் வந்து நிற்கக்கூடியவர்களுக்குத்தான் சமைத்த சாப்பாடு போய்ச் சேரும். போன மாதம் வரை சம்பளக்காரராக இருந்தவர் வரமாட்டார், படுக்கையில் இருப்பவர் வரமுடியாது, சின்னப் பிள்ளையோடு தனியாக இருக்கும் தாய் வரத் தயங்குவார்.

பொதி பற்றி ஒரு கணக்கு. நம் ஆட்கள் ஒருவர் நாளைக்கு ஏறக்குறைய 300 கிராம் அரிசி சாப்பிடுகிறோம். நான்கு பேர் வீட்டுக்கு 5 கிலோ நான்கு நாளும் கொஞ்சமும்தான் வரும். 'மாதப் பொதி' என்று பெயர் வைத்து 5 கிலோ கொடுத்துப் படம் எடுப்பது ஏமாற்று. நான்கு நாள் பொதி என்றே எழுதுங்கள். அரிசி 5, பருப்பு 1, கோதுமை மா 1, சீனி அரை கிலோ, 90 கிராம் சோயா மீட் 4 பைக்கற், தேயிலை 100 கிராம், உப்பு, ஒரு சவர்க்காரம். பால்மாவை எல்லாப் பொதியிலும் போடாதீர்கள். 400 கிராம் பைக்கற்றை அந்த நேரத்தில் உடனே காசாக்கலாம், அதனால் அது கடைக்குத் திரும்பிப் போகும். சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு மட்டும் தனியாகக் கொடுங்கள். இன்னொன்று: எரிவாயு இல்லாத வீட்டுக்கு அரிசிப் பொதி கொடுத்துப் பிரயோசனம் இல்லை. தொடர்மாடியில் இருப்பவர் விறகு எரிக்க இடம் ஏது? அவர்களுக்குச் சமைத்தது, அல்லது பாண்.

கூப்பன்தான் எங்கள் பக்கத்துக்குப் பொருத்தம். ஆனால் ரூபாவில் எழுதாதீர்கள். '3,000 ரூபா' என்று எழுதிய தாளின் பெறுமதி வாரத்துக்கு வாரம் குறையும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் வருடத்துக்கு 94.9 வீதம். 'அரிசி 5 கிலோ, பருப்பு 1 கிலோ, முட்டை 10' என்று பொருளாக எழுதுங்கள். தொடர் இலக்கம், சபை முத்திரை, 7 நாள் தவணை. அப்போது விலையேற்றத்தைக் கடைக்காரர் சுமப்பார், ஆகவே வாரக் கடைசி வரை இழுக்காமல் வாரம் இரண்டு தரம் காசு கட்டுங்கள். இரண்டு மூன்று கடையாகப் பிரித்துக் கொடுங்கள், அதில் குறைந்தது ஒன்று சபையாரின் கடையாக இல்லாமல் இருக்கட்டும்.

கடைக் கொப்பியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தோட்டங்களில் பாதி வீடு ஓடுவதே கடன் கொப்பியில். கடைக்காரர் கொப்பியை மூடினால் அந்த வீடு அன்றைக்கே முடங்கும். நிலுவையில் ஒரு பங்கைச் சபை நேரே கடைக்குக் கட்டி, 'கொப்பியைத் திறந்து வையுங்கள்' என்று பேசினால், அதே காசுக்குக் கொடுக்கும் பொதியை விட நீண்ட நாள் அந்த வீடு நிற்கும். ஆனால் சபை தானே கடன் கொடுக்க இறங்க வேண்டாம். கடன் வாங்கியவர் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வரமாட்டார்.

கணக்குக்கொப்பி:

பணம் பற்றி.

ரூபாவை மிதக்க விட்டது 2022 மார்ச்சில். டொலர் 200 ரூபா அளவிலிருந்து மே மாதமளவில் 360 ரூபாவுக்குப் போனது. அதற்கு முந்திய மாதங்களில் வங்கி விகிதம் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்ததால் வெளியில் டொலருக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். நல்ல மனதோடு பலர் சொன்ன ஆலோசனை: 'உண்டியலில் (வங்கி இல்லாமல் கைமாற்றாகப் பணம் அனுப்பும் முறையில்) எடுங்கள், ஏழைகளுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.' கேட்காதீர்கள். சட்டவிரோதம் என்பது ஒன்று. சபைக்குக் காசு வந்ததற்குத் தாள் இல்லாமல் போவது இரண்டாவது, உள்ளுக்குள் சண்டை வருவது எப்போதும் இதிலிருந்துதான்.

வெளிநாட்டுப் பணம் சபையின் பெயரிலுள்ள, அல்லது தாய்ச்சபையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். போதகரின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். அனுப்புபவரிடம் நோக்கத்தை ஒரு கடிதமாக வாங்கி வையுங்கள், வங்கி கேட்கும். நிவாரணத்துக்கென்று தனி அமைப்பு தொடங்குவதாக இருந்தால் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிய வேண்டிவரும். பெரிய சபைப்பிரிவின் கீழ் இருப்பவர்கள் அதன் சமூக சேவைப் பிரிவூடாகப் போவதே லேசு.

ஒரே தரம் பெரிய தொகை அனுப்பச் சொல்லாதீர்கள், மாதாமாதம் கேளுங்கள். ரூபா விழும் காலத்தில் கணக்கில் கிடக்கும் ரூபா கரையும். உங்கள் கையில் உள்ள 6 இலட்சத்துக்கும் இதுதான். நெருக்கடியின் வாசனை வந்ததும் ஒரு பங்கை அரிசியாக்குங்கள். வாரம் இரண்டு நாள், 8 வாரம், நாளுக்கு 22 கிலோ என்றால் 352 கிலோ. 25 கிலோ மூட்டை 14 எடுத்தால் சரி. பலகை மேல், நிலத்திலிருந்து அரை அடி, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. பழைய மூட்டை முன்னுக்கு. மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், வண்டு வரும். தட்டுப்பாடு வந்த பிறகு போய் மொத்தமாக அள்ளாதீர்கள், அது பக்கத்து வீட்டின் அரிசி.

திறப்பு ஒருவரிடம், பதிவு வேறொருவரிடம், வாங்குவது மூன்றாமவரிடம் இருக்கட்டும். எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோன பவுலே தனியாகப் போகவில்லை. 2 கொரிந்தியர் 8 இல் காரணமும் சொல்லியிருக்கிறார். ஞாயிறு தோறும் அறிவிப்புப் பலகையில் மூன்று வரி போதும்: வந்தது, போனது, மிச்ச மூட்டை.

செலவைக் குறைக்கச் செயற்குழு முதலில் கை வைப்பது ஊழியக்காரரின் படியில்தான். 2022 இல் படி குறையாத இடத்திலும் அதன் பெறுமதி பாதியாகப் போனது. ரூபாவில் கூட்ட முடியாவிட்டால் ஒரு பகுதியை அரிசி, தேங்காய், பிள்ளையின் பஸ் காசு என்று கொடுங்கள். பசியோடு இருப்பவரிடம் 200 பேருக்குப் பரிமாறச் சொல்லக் கூடாது.

மருந்துகள்: வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நன்கொடை மருந்துக்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்படி வந்து சேரும்போது காலாவதியாகக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும். ஆட்கள் அனுப்புவது பெரும்பாலும் வீட்டு அலுமாரியில் மிஞ்சியதை. நோயாளியின் மருந்துத் துண்டைப் பார்த்து உள்ளூர் பாமசியில் வாங்கிக் கொடுக்கக் காசு ஒதுக்குங்கள்.

பாலத்துறை_பிரதர்:

எல்லாம் சரி. ஆனால் ஜெபம் பண்ணாமல் சாப்பாடு கொடுத்தால் அது ஊழியமா? அதை எந்தச் சங்கமும் செய்யுமே. சுவிசேஷத்துக்கு வெட்கப்படக் கூடாது.

மட்டக்குளி_சிஸ்டர்:

பிரதர், வெட்கம் அல்ல. சாப்பிட வந்தவர் ஆமென் சொன்னால் அது விசுவாசத்திலா, பசியிலா என்று அவருக்கே தெரியாது, நமக்கு எப்படித் தெரியும்?

நடைமுறையும் இருக்கிறது. உதவியையும் மதப் பரப்பலையும் சேர்த்துப் பார்ப்பது இந்த நாட்டில் பழைய வழக்கு. 2003 இல் மென்சிங்கன் திருச்சிலுவை அருட்சகோதரிகளின் கூட்டிணைப்புச் சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்றது, சமூகப் பணியோடு மதத்தைப் பரப்புவதும் சேர்ந்திருக்கிறது என்ற காரணத்தால். 2005 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அதை மத சுதந்திர மீறல் என்று சொன்னது. சட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறது, அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரையும் 14 ஆம் உறுப்புரையும் இருக்கின்றன. ஆனால் தெருவில் சந்தேகம் வந்தால் அந்தச் சமையலறை ஒரே நாளில் மூடப்படும், நட்டம் சாப்பிட வந்தவருக்கு.

அதனால்: ஆராதனை நேரத்தில் சாப்பாடு இல்லை. பொதிக்குள் துண்டுப்பிரசுரம் இல்லை. பட்டியல் சபையின் பெயர்ப் பதிவிலிருந்து அல்ல, கிராம உத்தியோகத்தரோடும் அக்கம்பக்கத்துக் கோயில், பள்ளிவாசல், விகாரை ஆட்களோடும் இருந்து எழுதியது. வாங்குபவரின் முகம் தெரியும் படம் இல்லை. நன்கொடையாளர் படம் கேட்டால் கிடாரத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பரிமாறுபவர்கள் கதவு திறக்க முன் ஜெபித்துக்கொள்ளட்டும். யாராவது 'எனக்காக ஜெபியுங்கள்' என்று கேட்டால் பக்கத்து அறையில் இருவர் தயாராக இருக்கட்டும். கேட்பார்கள், அதுவும் நிறையப் பேர்.

கொட்டாஞ்சேனை_செயலாளர்:

மிக்க நன்றி எல்லாருக்கும். போதகரின் வேலையை யாரும் தொடவில்லையே? பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை என்றால் சந்திப்பும் ஆராதனையும் எப்படி?

வெள்ளவத்தை_உபதேசியார்:

அதை நான் எடுக்கிறேன்.

சந்திப்பை நடை தூரத்துக்குப் பிரியுங்கள். 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர், முச்சக்கரவண்டிக்கு 5. போதகரின் மோட்டார் சைக்கிள் 120 வீட்டுக்கு ஓடாது. 10 வீட்டுக்கு இரண்டு பேர் என்று 12 குழு, எல்லாரும் தங்கள் தெருவிலேயே. இருவராகப் போவது முக்கியம். புனித வின்சென்ட் டி போல் சபையார் காலங்காலமாக அப்படித்தான் போகிறார்கள். ஒருவர் கதைக்க, மற்றவர் வீட்டைப் பார்ப்பார். 'சாப்பிட்டீர்களா' என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். 'நேற்று ராத்திரி என்ன சமைத்தீர்கள்' என்று கேளுங்கள். அடுப்படியில் சாம்பல் புதிதா பழையதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, காதில் இருந்த தோடு இருக்கிறதா. அடகுக்குப் போன தோடு வாயை விட முதல் கதை சொல்லும்.

கணவன் பேச்சைக் குறைத்துவிட்டார், தூங்குவதில்லை, 'நான் இருந்து என்ன' என்கிறார் என்று காதில் விழுந்தால் ஜெபத்தோடு நிறுத்த வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அந்த இரவு அவரைத் தனியாக விடாதீர்கள். குழுவில் உள்ள ஒவ்வொருவரின் போனிலும் அந்த இலக்கம் இருக்கட்டும்.

ஆராதனை: 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டு. மாலை ஆராதனையை 4.30க்கு எடுத்துவிடுங்கள், இருட்டும் முன் ஆட்கள் வீடு போகட்டும். இன்வேர்ட்டர் வாங்குவதானால் கணக்குப் போட்டு வாங்குங்கள். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 600 வாட்-மணி. 9 வாட் பல்ப் நான்கும் ஒரு மின்விசிறியும் 90 வாட் அளவு, ஆறு மணித்தியாலம் ஓடும். அதில் கீபோர்டையும் ஒலிபெருக்கியையும் கொழுவினால் பிரசங்கம் முடிய முன் பற்றரி முடியும். இரண்டு வெட்டுக்கு இடையில் சார்ஜ் ஏற நேரம் இல்லாமல் போவதுதான் அதிகம் நடக்கும் பிழை. மைக் இல்லாமல் கீர்த்தனை பாடப் பழகுங்கள், முதியவர்களுக்கு மனப்பாடம், மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டைப் பாடத்துக்கு முன் கொடுங்கள். வெறும் வயிற்றில் வசனம் ஏறாது. காணிக்கைப் பையைப் பெயர் எழுதிய உறையோடு அனுப்பாதீர்கள், உறை போடாதவர் அடுத்த வாரம் வரமாட்டார். வாசலில் ஒரு பெட்டி போதும். 'விதைத்தால் அறுப்பாய்' என்று காணிக்கை கேட்கும் பிரசங்கம் அந்தக் காலத்தில் வேண்டவே வேண்டாம். மிச்சம் இருந்த ஆயிரத்தையும் போட்டுவிட்டு, அற்புதம் வராதபோது தன் விசுவாசத்தைத்தான் குறை சொல்வார்கள்.

இன்னொன்று. உங்கள் வாலிபர்கள் போவார்கள். பாஸ்போட் வரிசையில் நிற்பவர்களில் பாடகர் குழு, ஞாயிறு பாடசாலை ஆசிரியர், கணக்குப் பார்த்தவர் எல்லாரும் இருப்பார்கள். போகாதே என்று பிரசங்கிக்காதீர்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டாவது ஆளை இப்போதே பழக்குங்கள். போகிறவரிடம் வேலை முகவரின் உரிமத்தைச் சரிபார்த்தாரா என்று கேளுங்கள், பணம் கட்ட முன்.

கிடாரம்:

செயலாளருக்கு ஒரு விசயம் விட்டுப்போனது. சமைப்பதற்கு முதல் நாள் இரவே எத்தனை பேர் என்று எண்ணி டோக்கன் கொடுங்கள், இல்லாவிட்டால் 200க்குச் சமைத்து 290 பேர் வாசலில் நிற்பார்கள். அப்படி வந்துவிட்டால் சோற்றை இழுக்க முடியாது, பருப்பை இழுக்கலாம். கூட்டும் ஒவ்வொரு லீட்டர் சுடுதண்ணீருக்கும் 10 கிராம் உப்பு. சோற்றுக்குப் பதிலாகப் பாண் கைவசம் இருக்கட்டும். கடைசியில் வருபவர்கள் எப்போதும் வேலை தேடிப் போய்த் திரும்பியவர்கள்தான்.

கொட்டாஞ்சேனை_செயலாளர்:

டோக்கனை யார் எழுதுவது, சபையாரா வெளியாரா?

மட்டக்குளி_சிஸ்டர்:

ஒவ்வொரு தோட்டத்துக்கும் அங்கேயே இருக்கும் ஒரு பெண். அவர்களுக்குத் தெரியும் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று.